வலது கைக்குச் செய்த பிடி

எனக்கு ஒரு கம்பின் மேல் பொறாமை. முழுக் கம்பின் மேலும் இல்லை, அதன் தலையில் இருக்கும் கைப்பிடியின் மேல். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். வளைவு வந்தால் ஹாரன் அடிப்பேன், மற்றபடி நேராகப் போவதுதான் பழக்கம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. இன்று காலையிலும் எரிந்தது.

புருஷனுக்கு இன்னொருத்தி வந்தால் அவளைச் சக்களத்தி என்கிறோம். பெண்டாட்டிக்கு ஒரு கைப்பிடி வந்து, அது புருஷனின் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டால் அதை என்னவென்று சொல்வது? யோசித்துப் பார்த்துவிட்டேன், பெயர் கிடைக்கவில்லை. பெயர் இல்லாத ஒன்றைத் திட்டவும் முடியாது. டீக்கடையில் போய் யாரிடமாவது புலம்பினால் சிரிப்பார்கள்.

எங்கள் வீடு மணவாளக்குறிச்சிக்கும் முட்டத்துக்கும் நடுவில் சாலையை ஒட்டி இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நானும் என் மனைவியும் அந்தச் சாலையில் மாதா கோயிலுக்கும் சந்தைக்கும் கல்யாண வீடுகளுக்கும் போய் வந்திருக்கிறோம். ஆனால் சேர்ந்து நடந்ததில்லை. நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். நடுவில் ஒரு ஆட்டோ நுழைந்து போகலாம், அவ்வளவு இடைவெளி. என் வயதுக்காரர்கள் எல்லாரும் இந்தப் பக்கத்தில் அப்படித்தான். பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்ப்பதைக்கூடக் கொஞ்சம் கேவலமாகத்தான் நினைத்தோம். செருப்புச் சத்தம் கேட்டால் போதும்.

அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்டி ஆபீசுக்குப் போனவள். முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். தரையில் உட்கார்ந்து, இடது கையால் கொட்டையைப் பிடித்து, வலது கையால் கட்டையை எடுத்துத் தட்டி உடைக்க வேண்டும். ஓடு பிளக்க வேண்டும், பருப்பு நொறுங்கக் கூடாது. அந்த அளவு மணிக்கட்டில் இருந்துதான் வரும். ஒரே மகளைப் படிக்கவைத்து, நர்ஸாக்கி, அயர்லாந்துக்கு அனுப்பியதில் பாதி என் ஸ்டியரிங், பாதி அவள் தட்டிய கட்டை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் உடம்பு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது. இடது முழங்கால் முட்டில் வலி. வலது கையில், பெருவிரல் தொடங்கும் இடத்திலிருந்து மணிக்கட்டு வரை வலி. தேங்காய் துருவ முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலே முகம் சுருங்கியது.

எலும்பு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், கம்பு ஊன்றி நடக்கச் சொன்னார். கம்பை முட்டு வலிக்கும் பக்கத்தில் பிடிக்கக் கூடாதாம், எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டுமாம். இடது முட்டு என்றால் வலது கை. அந்த வலது கைதான் செம்பையே தூக்காத கை. இதை டாக்டரிடம் சொன்னேன். பார்த்து நடங்கள் என்றார்.

நாகர்கோவிலுக்குப் போய் ஒரு கம்பு வாங்கி வந்தேன். தலை வளைந்த, பழுப்பு வார்னிஷ் அடித்த, எல்லாரும் வைத்திருக்கும் கம்பு. அவள் அதை ஊன்றி வாசல் கேட் வரை போனாள். உடம்பின் பாரம் முழுவதும் அந்த மெல்லிய வளைவில் போய் விழுந்தது. அதை இறுக்கிப் பிடிக்காமல் நிற்க முடியாது, இறுக்கிப் பிடித்தால் பெருவிரலில் மின்சாரம் அடித்ததுபோல் வலிக்கும். கேட்டில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"இந்த சவத்த எடுத்து எங்கயாவது களயுங்க" என்றாள்.

அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயில் இருந்து வந்தது. யோசித்துச் சொல்லவில்லை.

"அப்பம் எனக்க கைய பிடிச்சிட்டு நட."

அவள் என்னைப் பார்த்தாள். "நாலு பேரு பாத்தா?"

"பாக்கட்டு. முட்டு வலிக்காரி பின்ன பறந்தா போவா?"

இப்படித்தான் வயதான காலத்தில் நாங்கள் சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம். சாலையின் இடது ஓரத்தில் அவள், அவளுக்கு வலது பக்கத்தில் நான். டாக்டர் வலது கைக்குத்தான் துணை வேண்டும் என்றார். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், வலது பக்கம் வண்டி வரும் பக்கம். மணல் லாரிகள் அந்தச் சாலையில் எப்படி வரும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? லாரிக்கும் அவளுக்கும் நடுவில் நான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

காலையில் வெயில் ஏறும் முன் கிளம்புவோம். சாலை திரும்பும் இடத்தில் ஒரு குருசடி இருக்கிறது, கல் சிலுவை நட்டு மேலே கூரை போட்ட சின்ன இடம். அதுவரை போய்த் திரும்புவோம். அவள் என் முன்கையைப் பிடித்திருப்பாள். முதல் சில நாட்கள் எதிரே வருகிறவர்கள் எல்லாரிடமும், அவர்கள் கேட்காமலே, "முட்டு வலி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு சைக்கிள்காரனிடம்கூடச் சொன்னேன். டீக்கடைக்காரன் மட்டும் விடவில்லை.

"என்ன டிரைவரண்ணே, புது மாப்பிள கணக்கா போறிய?"

"முட்டு வலி மக்கா."

"ஆருக்கு? உங்களுக்கா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் கோபப்பட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே எனக்குத் தித்திப்பாக இருந்தது. அடுத்த நாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டேன். அதற்கடுத்த நாளிலிருந்து அவள் எழுந்திருக்கும் முன்பே குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, முன்கையில் கொஞ்சம் பவுடரும் தடவி, வாசலில் போய் நிற்க ஆரம்பித்தேன்.

"நடக்கப் போறதுக்கு எதுக்கு இஸ்திரி?" என்று அவள் கேட்டாள்.

"நாலு பேரு பாக்கான்லா" என்றேன்.

அவளுடைய முட்டு சீக்கிரம் குணமாக வேண்டும் என்று தினமும் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். ரொம்பச் சீக்கிரம் வேண்டாம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோ காலில் வந்தாள். அம்மாவின் கையைப் போனுக்கு நேரே காட்டச் சொன்னாள். மணிக்கட்டு உப்பியிருந்தது. எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. வலி இருக்கிற கை கொஞ்சம் வீங்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

"அம்மா, எத பிடிச்சிட்டு நடக்கிய?" என்று கேட்டாள்.

"அப்பாக்க கைய" என்றாள் இவள்.

மகள் போனில் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் கைகோத்து நடக்கிறார்கள் என்று பிள்ளைக்கு மனம் நிறைந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். இஸ்திரிச் சட்டையைப் பற்றியும் சொன்னேன். அவள் "சரிப்பா" என்றாள். அந்தச் "சரிப்பா"வைச் சாலையில் வரும் ஒரு எச்சரிக்கைப் பலகையாக நான் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

பிறகு ஒரு நாள், லீவுக்கு ஊருக்கு வந்த மகளின் தோழி ஒருத்தி தக்கலையிலிருந்து வந்து ஒரு நீளமான அட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பெட்டியில் இருந்தது ஒரு கம்பு. அலுமினியத்தண்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும், குறையும். அடியில் கருப்பு ரப்பர். இதெல்லாம் பரவாயில்லை. தலையில்தான் விஷயம் இருந்தது. வளைவு கிடையாது, உருண்டைக் குமிழ் கிடையாது. ஒரு கையை எடுத்து அச்சு வார்த்ததுபோல் ஒரு பிடி. மேலே உள்ளங்கை படுத்துக்கொள்ள அகலமான ஒரு சரிவு, கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்ந்தது. பெருவிரலின் அடிச்சதை வந்து உட்கார ஒரு குழி. விரல்கள் தொங்கிக்கொள்ள ஒரு விளிம்பு. குப்பி மூடியில் வருகிற கார்க்கினால் செய்தது, தொட்டால் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே அகலமாக ஒரு வார். கையைக் கீழிருந்து வாருக்குள் விட்டு மேலே பிடியில் வைத்தால், பாரத்தை வார் தாங்கிக்கொள்ளும். விரல்களை மடக்கவே வேண்டாம். முழுக்க வலது கைக்கு என்று செய்தது. இடது கைக்கு வேண்டுமென்றால் வேறு வாங்க வேண்டுமாம்.

நான் வாங்கிப் பார்த்தேன். ஆயுசெல்லாம் கியர் கம்பியையும் ஸ்டியரிங்கையும் பிடித்தவன், பிடியைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். என் கைக்கு அது பொருந்தவில்லை. குழி ஒரு பக்கம், என் பெருவிரல் ஒரு பக்கம்.

"ஏட்டி, இதுல என்ன பிடிமானம் இருக்கு? வழுக்கிட்டு போவும்" என்றேன்.

அவள் அதை வாங்கி, வாருக்குள் கையை விட்டு, உள்ளங்கையை அந்தச் சரிவில் வைத்தாள். பாரத்தை மெதுவாக இறக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஹா" என்றாள்.

அவ்வளவுதான். வெயிலில் நடந்து வந்தவர்கள் மர நிழலில் உட்காரும்போது வருமே, அந்தச் சத்தம். இத்தனை மாதம் என் கையைப் பிடித்து நடந்தவள் அப்படி ஒரு சத்தம் போட்டதே இல்லை. அன்று தொடங்கியது என் வயிற்றெரிச்சல்.

மறுநாள் காலை நான் இஸ்திரிச் சட்டையோடு வாசலில் நின்றேன். அவள் கம்போடு வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். "வாறியளா?" என்று மட்டும் கேட்டாள். போனேன். என்ன செய்வது, பழைய பழக்கத்தில் முன்னால் போகப் பார்த்தேன். அவள் நன்றாக நடந்தாள். டீக்கடை வருவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். நாலு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் பின்னால் போனேன். நடுவில் ஒரு ஆட்டோ நுழைந்து போயிற்று.

"என்ன டிரைவரண்ணே, டைவர்ஸா?" என்றான் டீக்கடைக்காரன்.

அந்த நாட்களில் நான் அந்தப் பிடியைப் பார்த்த மாதிரி எதையும் பார்த்ததில்லை. சாப்பிடும்போது அது அவள் நாற்காலியில் சாய்ந்து நிற்கும். சீரியல் பார்க்கும்போது அவள் கை தன்னால் போய் அதன் மேல் படுத்துக்கொள்ளும், வேண்டுமென்று வைப்பதுகூட இல்லை. நடந்து வந்ததும் ஈரத்துணியால் அதை ஒருமுறை துடைப்பாள், காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைப்பாள். என் முதுகைத் துடைக்கத் துணி கேட்டால் கொடியில் கிடக்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்பாள். மகளோடு போனில் அரை மணி நேரம் பேசினால் அதில் பாதி அந்தப் பிடியைப் பற்றித்தான். மழையில் நனையலாமா, வாரை இன்னும் கொஞ்சம் தளர்த்தலாமா என்று கேட்பாள். கடைசியில் "அப்பா இருக்காங்க" என்று போனை என்னிடம் நீட்டுவாள். அங்கே மகளுக்கு டியூட்டி நேரம் ஆகியிருக்கும்.

"கார்க்குல கறையான் பிடிக்கும், பாத்துக்க" என்று ஒரு நாள் சொன்னேன்.

"குப்பி மூடியெல்லாம் கறையானா தின்னுது?" என்றாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்தேன். கோயிலில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சேர்ந்து நின்றதுதான், அதற்குப் பிறகு கோயிலுக்குள் நான் அவள் பக்கத்தில் நின்றதே இல்லை. முட்டு வலி வந்த பிறகு வாசல்வரை கையைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவேன், அங்கே விட்டுவிட்டு என் பக்கத்துக்குப் போய்விடுவேன். இப்போது அந்தக் கம்பு அவளோடு பெண்கள் பக்கத்தில் போய் நின்றது. அவள் எழும்போது எழுந்தது, உட்காரும்போது உட்கார்ந்தது. நற்கருணை வாங்கவும் கூடவே போயிற்று. நான் தூணுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

குருத்தோலை ஞாயிறு வந்தது. அன்றைக்கு எல்லாரும் குருசடியில் கூடி, தென்னங்குருத்தோலையை மந்திரித்துக் கையில் வாங்கிக்கொண்டு, பவனியாகக் கோயிலுக்கு நடந்து போவோம். முந்தின நாளே நான் அவளிடம் பேச்செடுத்தேன்.

"நாளைக்கு ஓல பிடிக்கணும். ஒரு கையில ஓல, ஒரு கையில கம்புன்னு வந்தா நல்லாவா இருக்கும்? சாமி காரியம். கம்பு வீட்டுல கிடக்கட்டு. நான் இருக்கேன்லா?"

"இந்தக் கையில ஓல, அந்தக் கையில கம்பு. அதுக்கு என்ன?"

"ஒரு நாளைக்குத்தானே கேட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

"செரி. அந்தச் சட்டைய இஸ்திரி போட்டு வையுங்க" என்றாள்.

ஞாயிறு காலையில் கம்பு கட்டில் ஓரத்தில் நின்றது. நான் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக் குருசடி வரை நடந்தாள். சேர்ந்துதான் நடந்தோம். டீக்கடை திறக்கவில்லையே என்று மட்டும் எனக்கு வருத்தம். குருசடியில் குருத்தோலையை மந்திரித்துக் கொடுத்தார்கள். அவள் இடது கையில் வாங்கிக்கொண்டாள். அப்போது சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மைக்கில் சொன்னார், வருஷா வருஷம் சொல்வதுதான்:

"ஆம்பிளையெல்லாம் ரோட்டுக்கு அந்தச் சைடு, பொம்பிளையெல்லாம் இந்தச் சைடு. ரெண்டு வரிசையாட்டு வாருங்க."

பொடியனாக இருந்த காலம் முதல் இந்தப் பவனியில் நடக்கிறேன். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்பது எனக்குத் தெரியாதா? அவளை அந்தக் கம்பிடமிருந்து ஒரு நாளாவது பிடுங்க வேண்டும் என்ற அவசரத்தில் அது என் தலைக்குள் வரவே இல்லை. அவளுக்கும் நினைவு வந்ததா, வந்தும் சொல்லாமல் விட்டாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. அவள் என் கையை விட்டுவிட்டுப் பெண்கள் வரிசைக்குப் போனாள்.

பாட்டு தொடங்கிற்று. நான் இந்த ஓரத்தில், அவள் அந்த ஓரத்தில். கொஞ்ச தூரம் அவள் வலது கையால் வீட்டு மதில்களைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். மதில்கள் முடிந்து தென்னந்தோப்பு வந்தது. பிடிக்க ஒன்றும் இல்லை. அவள் இடது முட்டு ஒவ்வொரு முறையும் உள்ளே போய் வருவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பின்னால் வந்த பெண்கள் அவளைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும் பாடிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். பிறகு அவள் நின்றுவிட்டாள். ஓலையைப் பிடித்தபடி வெயிலில் ஒற்றைக் காலில் பாரத்தை வைத்துக்கொண்டு நின்றாள். விழுந்தால் அந்த வலது கையைத்தான் ஊன்றி விழுவாள். அந்தக் கை அதோடு போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

நான் சாலையைக் குறுக்கே கடந்தேன். இரண்டு வரிசைக்கும் நடுவில் காலியாகக் கிடந்த சாலை அன்றைக்கு ரொம்ப அகலமாக இருந்தது. யாரோ "அண்ணே, அங்க எங்க போறிய?" என்றார்கள். பெண்கள் வரிசையில் புகுந்து, அவளுக்கு வலது பக்கம் போய் நின்று கையை நீட்டினேன்.

அவள் பிடிக்கவில்லை.

"பிடி" என்றேன்.

"பிடிச்சா நோவும்" என்றாள். "மதில பிடிச்சுப் பிடிச்சு கை செத்துப்போச்சு. இனி இறுக்கிப் பிடிக்க முடியாது."

"எப்பளும் எனக்க கையத்தானே பிடிச்ச?"

"எப்பளும் நோவத்தான் செய்யும். உங்களுக்க கை தடிச்ச கை. சுத்திப் பிடிச்சா பெருவெரல் தெறிக்கும்."

"ஏட்டி, நீ ஒரு நாளும் சொல்லல்லியே?"

"நீங்க குளிச்சு, இஸ்திரி சட்ட போட்டு, பவுடரும் பூசிட்டு வாசல்ல நிப்பிய. எப்பிடிச் சொல்லதுக்கு?"

சுற்றிலும் பாட்டுச் சத்தம். மகள் போனில் என் முகத்தை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு நான் முழங்கையை மடக்கினேன். முஷ்டியை இறுக்கி, கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்த்தேன். மேலே அகலமாக இருக்கும்படி மணிக்கட்டைத் திருப்பினேன். பெருவிரலை உள்ளே மடக்கி, அவள் பெருவிரலின் அடிச்சதை உட்கார ஒரு பள்ளம் விட்டேன். எனக்கு அந்தப் பிடி மனப்பாடம். அதை அத்தனை நாள் வயிறெரிந்து பார்த்தவன் நான். எந்த இடத்தில் சரிவு, எந்த இடத்தில் குழி என்று செய்தவனுக்கே அவ்வளவு தெரியாது.

"பிடிக்காண்டாம். சும்மா மேல வை" என்றேன்.

அவள் உள்ளங்கையை என் முஷ்டியின் மேல் வைத்தாள். பாரத்தை மெதுவாக இறக்கினாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். "ஹா" வரவில்லை. ஆனால் முகம் சுருங்கவும் இல்லை. நடந்தோம். பெண்கள் வரிசையில் நான் ஒருத்தன் மட்டும். உபதேசியார் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டார். நான் யாரிடமும் முட்டு வலி என்று சொல்லவில்லை.

கோயில் வாசல் வருவதற்குள் என் தோள் கழன்றுவிடும்போல் ஆகிவிட்டது. அவள் உள்ளே போகாமல் வாசல் படியில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போயி கம்ப எடுத்துட்டு வாங்க" என்றாள்.

"நான்தான் இருக்கனே."

"நீங்க நல்லாத்தான் நிண்ணிய. ஆனா போகப் போக உங்களுக்க கை எறங்குது. கம்பு எறங்காது."

இதைவிட ஒருத்தனை என்ன சொல்ல முடியும்? போனேன். பூசை நடந்துகொண்டிருந்ததால் சாலையில் ஆளே இல்லை. வீட்டைத் திறந்து, கட்டில் ஓரத்தில் சாய்ந்து நின்றதை எடுத்தேன். கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குழி என் உள்ளங்கையில் குத்தியது. தண்டைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தத் தோப்பு வந்தபோது, நின்று அதைத் தோப்புக்குள் வீசிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வீசவில்லை. துண்டால் பிடியை ஒருமுறை துடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் வாருக்குள் வலது கையை விட்டாள், உள்ளங்கையை வைத்தாள், எழுந்தாள்.

"ஹா" என்றாள்.

எரிந்தது. பொய் சொல்வானேன்.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நான் பழையபடி பின்னால் நடப்பதற்காக ஒதுங்கி நின்றேன். அவள் இடது கையில் இருந்த ஓலையை என்னிடம் நீட்டினாள். "இத நீங்க பிடிங்க" என்றாள். வாங்கினேன். பிறகு அந்த இடது கையால், நான் எதிர்பார்க்காத பலத்தோடு, என் முன்கையைப் பிடித்தாள். இஸ்திரிச் சட்டை கசங்கியது.

"இந்தக் கைக்கு நோவே கெடையாது" என்றாள். "சும்மாத்தான் கெடந்து. நீங்க ஒரு நாளாவது இந்தப் பக்கம் வந்தாத்தானே?"

இத்தனை மாதமும் நான் நின்றது வலி இருக்கிற பக்கம். வண்டி வரும் பக்கம், டாக்டர் சொன்ன பக்கம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இப்போது தினமும் அப்படித்தான் போகிறோம். வண்டி வரும் பக்கம் அந்தக் கம்பு, நடுவில் அவள், சாலையோர ஓடைப் பக்கம் நான். எத்தனை முறை என் கால் ஓடைக்குள் போனது என்று அவளுக்குத் தெரியாது. என்னுடைய பழைய இடத்தில் அது மிடுக்காக ஊன்றி ஊன்றி வருவதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆகவில்லை. ஆனால் ஒன்று கவனித்து வைத்திருக்கிறேன். அதன் மேல் அவள் கையைச் சும்மா வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். அதை இறுக்கிப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம். இன்று காலை ஒரு மணல் லாரி உரசுவதுபோல் வந்தபோது அவள் என்னைத்தான் பிடித்தாள். பிடித்த பிடியில் முன்கையில் நகம் பதிந்துவிட்டது. டீக்கடையில் நின்று கையைக் காட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் காட்டினேன்.